பாதி டேங்கில் மட்டும் உண்மை சொன்ன டீசல் முள்

ஓடிக்கொண்டிருந்த வண்டி இரண்டு முறை விக்கியது, அப்புறம் நின்றது. டீசல் முள் காலுக்கு ஒரு நூல் கீழே இருந்தது. 80 லிட்டர் டேங்க். கால் என்றால் இன்னும் 20 லிட்டர் கிடக்க வேண்டும். அதனால் டீசல் தீர்ந்திருக்கும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. ஃபில்டரில் தண்ணீரா, எங்காவது காற்று இழுக்கிறதா, பம்ப் போய்விட்டதா என்று ஒரு மணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்து, வண்டியை ஆட்டச் சொன்னால், உள்ளே சளசளப்பே இல்லை.

கேனில் டீசல் வந்தது. ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அழுத்தி அழுத்தி, காற்று வெளியேறும் திருகில் நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காத்திருந்து, வண்டியைக் கிளப்பினேன். வீடு வந்து சேரும் வழியில்தான் ஒன்று உறைத்தது. வண்டி நிற்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பே மஞ்சள் விளக்கு எரிந்திருந்தது. முள் கால் காட்டும்போது குறைந்த டீசல் விளக்கு எரிகிறதே, பழைய வண்டி, விளக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன். முள்ளை நம்பி விளக்கைச் சந்தேகப்பட்டேன். உண்மை நேர்மாறாக இருந்தது.

அந்த விளக்கு முள்ளோடு சேர்ந்ததல்ல. இந்த வண்டியில் டேங்குக்குள் அடிமட்டத்தில் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. டீசலில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்தே இருக்கும், மின்னோட்டத்தைப் பெரிதாக விடாது. டீசல் இறங்கி அது வெளியே வந்துவிட்டால் சூடாகும், அதன் மின்தடை குறையும், விளக்கு எரியும். டீசலின் மேல் மிதந்து முள்ளை நகர்த்தும் மிதவைக்கும், முள்ளுக்கும் இதில் பங்கில்லை, வயரும் தனி. ஆக, ஒரே டேங்கைப் பற்றி இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தன. நான் பொய்ச் சாட்சியை நம்பியிருந்தேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, எனக்கு முன் எத்தனை கை மாறியது என்று சரியாகத் தெரியாது. டேங்குக்குக் கீழே கனமான ஸ்கிட் பிளேட், அதாவது கல் அடிக்காமல் காக்கும் இரும்புத் தகடு. சேஸிஸ் முழுக்கப் பளபளவென்று அண்டர்கோட்டிங் என்கிற கறுப்புத் துருத்தடுப்புப் பூச்சு. வாங்கும்போது அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். வாங்கின அன்று டேங்கில் பாதி இருந்தது, முள்ளும் பாதி காட்டியது. இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

முதலில் போன பட்டறையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மீட்டர் போயிடுச்சு, டேஷ்போர்டைக் கழட்டி மாத்திடலாம்" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் என்ஜின் சூட்டைக் காட்டும் வெப்ப முள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்ததால் எனக்குக் கொஞ்சம் தயக்கம். பழைய வண்டிகள் பலவற்றில் டீசல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் ஒரே வோல்டேஜ் ரெகுலேட்டர்தான் மின்சாரம் தரும். பிரிட்டிஷ் வண்டிகளில் சுமார் 10 வோல்ட், அமெரிக்க வண்டிகளில் 5 வோல்ட். ஜீப் சிஜே வண்டிகளில் அந்த ரெகுலேட்டர் டீசல் மீட்டருக்குள்ளேயே இருக்கும். அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்தே தப்புக் காட்டும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ரெகுலேட்டர் மேல் பழி போட முடியாது. மீட்டரை மாற்றுவதற்கு முன் அது எங்கே, எவ்வளவு தப்புகிறது என்று அளந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

பத்துப் பத்து லிட்டராக

இதற்குப் பொறுமை தவிர வேறு சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தினேன் (லேசான சரிவு இருந்தாலே டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி முள் மாறிவிடும்). டேங்க் காலியாக இருந்த நிலையிலிருந்து 10 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சாவியைப் போட்டு இரண்டு நிமிடம் விட்டுக் குறித்துக்கொண்டேன். இந்த வகை முள் மெதுவாக நகரும். உடனே பார்த்து எழுதினால் கணக்கு தப்பும்.

காலியில், காலுக்குச் சற்றுக் கீழே. 20 லிட்டரில், காலுக்கும் அரைக்கும் நடுவே. 40 லிட்டரில் துல்லியமாக அரை. 60 லிட்டரில் முக்கால். அப்புறம் 70 லிட்டர், முக்கால். 80 லிட்டர், வாயில் வழியும் அளவு, அதே முக்கால்.

கட்டம் போட்ட தாளில் இதை வரைந்தபோது விசித்திரமாக இருந்தது. மேலே உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது, கீழே உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிறது, நடுவில் சரியாகக் காட்டுகிறது. ஒரே ஒரு கோளாறு இப்படி இரண்டு திசையில் தப்ப வைக்குமா? நான் யோசித்த எந்தக் கோளாறும் தனியாக இந்தக் கோட்டோடு ஒத்துப்போகவில்லை.

இங்கே இந்தச் சுற்று எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாவிட்டால் மேலே நகர முடியாது. சாவியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து டேஷ்போர்டு மீட்டர், அங்கிருந்து ஒரு வயர் பின்னால் டேங்க் யூனிட்டுக்கு, டேங்க் யூனிட்டிலிருந்து எர்த், அதாவது வண்டியின் சேஸிஸ் இரும்பு வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை. அவ்வளவுதான். டேங்க் யூனிட் என்பது மெல்லிய கம்பி சுற்றிய ஒரு சின்ன அட்டை. அதன் மேல் ஒரு உலோக நாக்கு தேய்த்துக்கொண்டு நகரும். அந்த நாக்கை மிதவைக் கை தள்ளும். டீசல் ஏறினால் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் ஏறும். இந்த வண்டியின் கையேட்டில் இருந்த அளவு: முழுதில் சுமார் 3 ஓம், பாதியில் 32, காலியில் 110.

இதில் கவனிக்க வேண்டியது, அளவுகள் சமமாகப் பங்கிடப்படவில்லை. முழுதுக்கும் பாதிக்கும் இடையே 30 ஓம்கூட இல்லை. பாதிக்கும் காலிக்கும் இடையே கிட்டத்தட்ட 80 ஓம். துருப்பிடித்த இணைப்பால் சுற்றில் எங்காவது கூடுதலாக 15 ஓம் புகுந்துவிட்டால், அடியில் அது பெரிதாகத் தெரியாது. மேலே 3 ஓம் 18 ஆகிவிடும். முள் முழுதிலிருந்து முக்காலுக்கு விழுந்துவிடும். முழு டேங்கில் முள் உச்சிக்குப் போகவே போகாது என்றால் முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லா வண்டிக்கும் இந்தத் திசை பொருந்தாது. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய வண்டிகளில் காலி 0 ஓம், முழு 90. விடிஓ மீட்டர்களில் காலி 10, முழு 180. அவற்றில் எர்த் கெட்டால் முள் கூட்டித்தான் காட்டும். பழைய ஃபோர்டு வகையில் காலி 73, முழு 10. பொதுவாக விற்கும் யூனிவர்சல் டேங்க் யூனிட்டில் காலி 240, முழு 33. பெரிய டேங்க் மாட்டிய செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் மீட்டர் ஒரு சாதி, டேங்க் யூனிட் இன்னொரு சாதியாக இருப்பது சகஜம். அப்படியிருந்தால் எத்தனை எர்த் சுரண்டினாலும் தீராது; ஜோடியைத்தான் மாற்ற வேண்டும். என் வண்டியில் ஜோடி பொருந்தியே இருந்தது.

கப்ளரில் நடந்த சோதனை

டேங்க் யூனிட்டுக்குப் போகும் வயர்களை இணைக்கும் கப்ளர் சேஸிஸ் ஓரமாகக் கைக்கு எட்டியது. அதைக் கழற்றினேன்; முள் காலியைக் குறிக்கும் 'ஈ'க்குக் கீழே போனது. மீட்டர் பக்க வயரைச் சேஸிஸின் வெறும் இரும்பில் ஒரு கணம் தொட்டு எடுத்தேன். முள் முழுதைக் குறிக்கும் 'எஃப்' பக்கம் எழும்பியது. கம்ப்யூட்டர் வழியாக முள்ளை ஓட்டும் புதிய வண்டியில் இப்படித் தொடக்கூடாது. பழைய மீட்டரிலும் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்து அதே வயருக்கும் எர்த்துக்கும் இடையே ரெசிஸ்டர்களை வைத்துப் பார்த்தேன். 33 ஓம் வைத்தால் அரை. 100-ம் 10-ம் சேர்த்து வைத்தால் 'ஈ'. 3.3 வைத்தால் 'எஃப்'. வேறு சில சேர்க்கைகளில் முக்கால் என்பது 17 ஓம் பக்கம், கால் என்பது 60 ஓம் பக்கம் என்றும் தெரிந்தது. மாற்றச் சொன்ன அந்த மீட்டரில் ஒரு குறையும் இல்லை.

டேங்க் அப்போது நிரம்பியிருந்தது, அது நல்லதாகப் போயிற்று. மல்டிமீட்டரை டேங்க் யூனிட்டின் இரண்டு பின்னுக்கு இடையே வைத்தேன்: 3.5 ஓம். நியாயமான அளவு. ஒரு முனையை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதை எர்த் பின்னிலிருந்து எடுத்துச் சேஸிஸில் வைத்தேன்: 18.6. எர்த் வயரைக் கையால் பிடித்து ஆட்டினால் எண் 14-க்கும் 25-க்கும் இடையே துள்ளியது. ஒரு மெக்கானிக் நண்பர் சொன்னார்: "ஓம்ல நம்பிக்கை இல்லன்னா பேட்டரி நெகட்டிவ்ல இருந்து நேரா ஒரு வயர் இழுத்துப் பாருங்க." கப்ளரை மாட்டி, அதன் எர்த் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து நீளமாக ஒரு வயர் கொண்டுவந்து வைத்தேன். முக்காலில் ஆணியடித்தாற்போல் நின்ற முள் ஒரு நிமிடத்தில் 'எஃப்'பைத் தொட்டது.

எர்த் வயர் முடியும் இடத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. சேஸிஸ் பட்டையின் உட்புறம், காய்ந்த சேற்றுக்கு அடியில் ஒரு போல்ட். சேற்றைத் தட்டிவிட்டால் அதற்குக் கீழே கறுப்பு. போல்ட்டைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. வளையத்தின் அடியிலும் கறுப்புப் பூச்சு இருந்தது. அதாவது வண்டியை விற்பனைக்கு அழகுபடுத்தியவர் எர்த் வளையத்தைக் கழற்றி, பூசி, பூச்சின் மேலேயே திரும்ப முறுக்கியிருக்கிறார். வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவே தோல் மாதிரி ஒரு படலம். போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. நான் மயங்கிய அதே பளபளப்பு.

வயரின் முனை பச்சை பூத்திருந்தது. செம்பு பளிச்சென்று தெரியும்வரை நறுக்கிவிட்டு, புது வளையம் வைத்துக் கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஏற்றினேன். போல்ட் இடத்தை வெள்ளை இரும்பு வரும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். எர்த் பின்னுக்கும் சேஸிஸுக்கும் இடையே இப்போது 0.2 ஓம், அதுவும் பெரும்பாலும் மல்டிமீட்டர் வயருடையதுதான். முள் 'எஃப்'பில் நின்றது. வேலை முடிந்தது என்று நினைத்துக் கையைக் கழுவினேன்.

சரி செய்த பிறகு இன்னும் மோசம்

இந்த வண்டி லிட்டருக்குச் சுமார் 10 கிலோமீட்டர் தரும். 200 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன், அதாவது 20 லிட்டர் போயிருக்கும். முள் 'எஃப்'பை விட்டு அசையவில்லை. 400 ஓடியபோது முக்கால். பாதி டேங்க் தீர்ந்திருக்கிறது, முள் முக்கால் என்கிறது. (டயர் பெரிதாக மாற்றிய வண்டியில் கிலோமீட்டர் கணக்கும் குறைத்துக் காட்டும், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்னுடையதில் டயர் பழைய அளவுதான்.)

முன்பு பாதியிலாவது உண்மை சொன்ன முள், எர்த்தைச் சரிசெய்த பிறகு எல்லா இடத்திலும் கூட்டிக் காட்டத் தொடங்கியது. ஒரு பழுதை நீக்கினால் நிலைமை கெடுகிறது என்றால், அந்தப் பழுது இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். பழைய தாளை எடுத்து ஒவ்வொரு அளவிலிருந்தும் கெட்ட எர்த் சேர்த்திருந்த 15 ஓமைக் கழித்துப் பார்த்தேன். பாதியில் முள் காட்டியது 32 ஓமுக்குரிய இடம். 15 போனால் 17. அது முக்காலின் அளவு. காலியில் காலுக்குச் சற்றுக் கீழே, கிட்டத்தட்ட 75; 15 போனால் 60; அது காலின் அளவு. டேங்க் யூனிட் தொடர்ந்து கால் டேங்க் கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. மேலே போனால் நாக்கு 3 ஓமில் முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் ஏற இடமில்லை. அதனால்தான் 60, 70, 80 லிட்டர் மூன்றுக்கும் ஒரே பதில்.

கணக்கு இத்தனை ஒழுங்காகப் பொருந்தியபோது, டேங்கைத் திறப்பதற்கு முன்பே பதில் தெரிந்த மாதிரிதான். யாரோ மிதவைக் கையை வளைத்திருக்கிறார்கள்.

டேங்கை இறக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலியாக்கிவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை. டீசல் என்பதால் நானே செய்தேன். பெட்ரோல் டேங்காக இருந்தால் அந்த ஆவிக்குப் பயந்து அனுபவமுள்ளவரிடம் விட்டிருப்பேன். ஸ்கிட் பிளேட்டுக்கும் டேங்குக்கும் நடுவே வாளி கணக்கில் காய்ந்த மண் இருந்தது. டேங்கின் அடியில் ஒரு சின்ன நசுங்கல். மிதவை இறங்கும் இடத்திலிருந்து தள்ளியே இருந்ததால் அதை விட்டுவிட்டேன்.

டேங்க் யூனிட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மிதவைக் கையில், கீலிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் ஒரு முழங்கை. அதன் இரண்டு பக்கமும் குறடின் பற்கள் பதிந்த தடம், வரிசையாக, மேலே நான்கு, கீழே நான்கு. கம்பி சுற்றிய அட்டை இன்னும் தெளிவாகச் சொன்னது. நாக்கு ஓடிய தடம் வெள்ளிக் கோடாகப் பளபளத்தது. அந்தக் கோடு முழுதின் முனையிலிருந்து கிளம்பி, முக்கால்வாசி தூரம் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. மிச்சக் கால்வாசியில் கம்பிகள் பழுப்பேறி மங்கிக் கிடந்தன. நாக்கு அந்தப் பக்கம் போயே பல காலம் ஆகியிருக்க வேண்டும். மிதவை அடியில் தட்டி நின்ற பிறகும் நாக்குக்குப் போக வேண்டிய தூரம் பாக்கி இருந்திருக்கிறது.

என்ன நடந்திருக்கும் என்பது என் ஊகம். எர்த் கெட்டு, பாதி டேங்கில் முள் குறைத்துக் காட்டியிருக்கும். யாரோ டேங்க் யூனிட்டை எடுத்து, முள் அரைக்கு வரும்வரை கையை வளைத்து, மாட்டிவிட்டார்கள். பாதியில் பார்த்தார்கள், பாதியில் சரியாக இருந்தது. முழுதிலும் காலியிலும் யாரும் பார்க்கவில்லை. வண்டியை வாங்கிய அன்று நானும் பாதியில்தான் பார்த்தேன்.

நிமிர்த்தும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கீலுக்கும் நாக்குக்கும் அழுத்தம் போகக்கூடாது. ஒரு குறடால் கீலுக்குப் பக்கத்தில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் முழங்கையை மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பினேன். கையேட்டில் டேங்க் யூனிட்டின் தட்டிலிருந்து மிதவை எத்தனை மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்று 'எஃப்'புக்கும் 'ஈ'க்கும் தனித்தனி அளவு இருந்தது. அந்த இரண்டு அளவும் ஒத்துவரும்வரை நான்கைந்து தடவை வளைத்து அளந்தேன். மல்டிமீட்டரை மாட்டிக்கொண்டு மிதவையை மேலும் கீழும் அசைத்தேன். பழுப்பேறிய பகுதியில் எண் விட்டு விட்டு வந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, நாக்கை முப்பது நாற்பது தடவை அந்த இடத்தில் ஓட்டிய பிறகு சீரானது. மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே டீசல் புகுந்த சத்தம் இல்லை. வெந்நீரில் அமுக்கிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. பழைய கேஸ்கட் ஓடு மாதிரி இறுகியிருந்தது, புதிது போட்டு, திருகுகளை எதிரெதிராக முறுக்கினேன்.

சிலர் மிதவைக் கையைத் தொடாமல், டேங்க் யூனிட்டோடு ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து முள்ளை இழுத்துவிடுவார்கள். பக்கவாட்டில் சேர்த்தால் காலிப் பக்கம் அதிகம் மாறும்: 110 ஓமோடு 200 ஓமைப் பக்கவாட்டில் வைத்தால் 71 ஆகிவிடும், 3 ஓம் மட்டும் 3-ஆகவே இருக்கும். டேங்க்கும் மீட்டரும் வேறு வேறு சாதியாக இருந்து, வேறு வழியே இல்லாதபோது இது ஒரு வழி. என் வண்டியில் இதைச் செய்திருந்தால் மூன்றாவதாக ஒரு பொய்யைச் சேர்த்திருப்பேன். அடுத்து வாங்குபவர் என்னைத் திட்டியிருப்பார்.

மறுபடியும் தாள், மறுபடியும் 10 லிட்டர் கேன். 8 லிட்டரில் முள் 'ஈ'. 20-இல் காலுக்கு ஒரு மயிரிழை கீழே. 40-இல் அரை, துளி குறைவு. 60-இல் முக்காலைத் தாண்டி கொஞ்சம். 80-இல் 'எஃப்' கோட்டின் மேல். 60-க்கு மேலே முள் சற்று மெதுவாக இறங்குகிறது. டேங்க் அந்த உயரத்தில் அகலமாக இருக்கிறது, அதனால் அப்படி. அதைத் திருத்தப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒருமுறை வேண்டுமென்றே, பின்னால் கேனில் டீசலோடு, கீழே இறங்கும்வரை ஓட்டிப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தபோது முள் 'ஈ'க்கு ஒரு நூல் மேலே இருந்தது. உடனே நிரப்பினேன், 70 லிட்டர் பிடித்தது.